கரண்டு போன இரவில் படிக்கிறவள்

2012இல் நான் பிளஸ் டூ. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அந்த ஆண்டின் மின்வெட்டைத் தமிழ்நாட்டில் அனுபவித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றார்கள். சென்னையைத் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போகும், சில நாட்களில் அதற்கு மேலும் போகும். அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு விழுந்து, அறுபது கோடிப் பேர் வாழும் பகுதிகள் இருண்டன. உலகத்திலேயே பெரிய மின்தடை என்று செய்தித்தாள்கள் எழுதின. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது தனியாக இருந்ததால் அது நம்மைத் தொடவில்லை. எங்கள் தெருவில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "நமக்குத்தான் தினமும் நடக்குதே" என்று சொல்லிக்கொண்டார்கள்.

அப்பா மட்டும் பெருமையாக ஒன்று சொல்வார். "கரண்டு போனா என்ன, நம்ம தறி என்ன கரண்டுலயா ஓடுது?" அது உண்மைதான். குழித்தறி காலாலும் கையாலும் ஓடுவது. விசைத்தறி இருக்கும் ஊர்களில் எல்லாம் வேலை நின்று கிடந்தபோது எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாசல் வெளிச்சம் விழும் நேரத்தைக் கணக்குப் பண்ணி நெய்தார்கள்.

நின்றுபோனவை வேறு. தண்ணீர் மோட்டார் நின்றது. அப்போதுதான் அரசு கொடுத்திருந்த மிக்ஸியும் கிரைண்டரும் நின்றன. அம்மா மறுபடி அம்மிக்குப் போனார். ஆயா தன் ஆட்டுக்கல்லைக் கழுவிவைத்தார். அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றது நானும் பக்கத்து வீட்டு அக்காக்களும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு வலித்தது, என் படிப்பு நின்றது. பகலில் பள்ளிக்கூடம். சாயங்காலம் தார் சுற்ற வேண்டும். ராட்டையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழரை ஆகும். அப்புறம் சமையலில் கை கொடுக்க வேண்டும். எனக்கென்று இருந்தது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான். அந்த ராத்திரியை எனக்குக் கொடுத்திருந்தது நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று. வீட்டில் இருந்த ஒரே சார்ஜர் விளக்கு தம்பிக்குப் போனது, அவன் பத்தாவது. நான் அடுப்படியில் சிம்னி விளக்கு எரியும்வரை படிப்பேன். மண்ணெண்ணெய் ரேஷனில் அளந்து தருவது. அதனால் அம்மா வேலை முடிந்ததும் அதையும் அணைத்துவிடுவார்.

இதை ஒரு குறையாக அன்று யாரிடமும் சொன்னதில்லை. தறி நிற்கவில்லை, ஆகவே வீட்டில் எதுவும் நிற்கவில்லை என்பது கணக்கு. பல ஆண்டுகள் கழித்து, மின்சாரம் ஒரேயடியாகப் போய்விட்ட பிறகு ஒரு சிறு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று சொல்லும் நாவல்களை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான், அப்பாவின் அந்தக் கணக்கு அவற்றிலும் இருப்பதைப் பார்த்தேன். இப்போது கல்லூரியில் மாணவிகளோடு சேர்ந்து அவற்றைப் படிக்கிறேன். படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மின்சாரம் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் தலையில் கட்டுகிறது கதை? அந்த இருட்டில் யாருடைய நேரம் பறிபோகிறது?

இந்த இரண்டும் சில்லறைக் கேள்விகள் என்று தோன்றலாம். உலகமே முடிந்துபோகும் கதையில் தண்ணீர்க் குடத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் இந்த வகை நாவல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதே, நாகரிகத்தின் மேற்பூச்சை உரித்துவிட்டு மனிதர் உண்மையில் யார் என்று காட்டுகிறேன் என்பதுதான். அப்படி உரித்துக் காட்டும்போது பெண் எங்கே நிற்கிறாள் என்பது அந்த நாவலாசிரியர் எதை இயற்கை என்று நம்புகிறார் என்பதற்கான வாக்குமூலம்.

ஒரு தாத்தாவின் ராஜ்யம்

பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜவெல் எழுதிய 'ராவாஜ்' 1943இல் வந்தது. 2052ஆம் ஆண்டுப் பாரிஸ் நகரத்தில் எல்லாம் மின்சாரத்தால் நடக்கிறது. ஒருநாள் மின்சாரம் என்பதே இயற்கையிலிருந்து மறைந்துவிடுகிறது. நகரம் எரிகிறது, நோய் பரவுகிறது. பிரான்சுவா என்ற இளைஞன் ஒரு சிறு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு தெற்கே தன் சொந்த ஊர்ப்பக்கம் நடக்கிறான். போய்ச் சேர்ந்தவர்கள் மண்ணை உழுது புதுச் சமூகம் அமைக்கிறார்கள்.

கதாநாயகி பிளான்ஷ் நகரத்துக்கு வந்து பாடகியாக அறிமுகமாகப் போகிற நேரத்தில்தான் மின்சாரம் போகிறது. அவள் பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. நாவலின் கடைசியில் பிரான்சுவா நூறு வயதைத் தாண்டிய குலத்தலைவன். ஆண்கள் குறைந்துவிட்டதால் ஓர் ஆணுக்குப் பல மனைவியர் என்பது சட்டம். நூல்கள் எரிக்கப்படுகின்றன, எழுத்து ஊர்த் தலைவர்களுக்கு மட்டும். மறுபடி ஓர் இயந்திரத்தைச் செய்து கொண்டுவருபவனைக் குற்றவாளியாக நடத்துகிறார்கள். ஆசிரியர் இதை எச்சரிக்கையாக எழுதினாரா, ஆசையாக எழுதினாரா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் நாவலின் குரலில் நிம்மதி இருக்கிறது. வயல் விளைகிறது, பிள்ளைகள் பெருகுகிறார்கள், எல்லாரும் நலம்.

வெளிவந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பிரான்சில், மண்ணுக்குத் திரும்பு, குடும்பத்துக்குத் திரும்பு என்று விஷி அரசு பிரச்சாரம் செய்த காலம் அது. மண்ணுக்குத் திரும்புவது என்றால் பெண்ணை எங்கே திருப்புவது என்பதை இந்த நாவல் மறைக்காமல் சொல்லிவிட்டது. என் முதல் கேள்விக்கு அதன் பதில், மின்சாரத்தின் வேலை இனி மனைவிகளின் வேலை. இரண்டாவது கேள்விக்குப் பதில், இனிப் படிப்பே இல்லை.

காவல் காக்கும் ஆண்கள்

அமெரிக்காவில் இந்த வகைக் கதைகளுக்கு நீண்ட வரிசை இருக்கிறது. பாட் ஃப்ராங்க் எழுதிய 'அலாஸ், பாபிலோன்' 1959இல் வந்தது. அணுப்போருக்குப் பின் ஃபுளோரிடாவின் ஒரு சிற்றூர் பிழைப்பதைச் சொல்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2009இல், வில்லியம் ஃபோர்ஸ்சன் 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' எழுதினார். அதில் வானத்தில் நடக்கும் அணு வெடிப்பின் மின்காந்த அதிர்வு நாட்டின் மின்சாரத்தையெல்லாம் ஒரு நொடியில் அணைத்துவிடுகிறது. வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் என்ற உண்மையான ஊர்தான் கதைக்களம். இரண்டிலும் தலைமை ஏற்பவர் ராணுவத்தோடு தொடர்புள்ள ஆண். இரண்டிலும் துப்பாக்கி, சாலைத் தடுப்பு, கொள்ளையர், தண்டனை என்று கதை நகர்கிறது.

இரண்டு நாவல்களிலும் நன்றாக எழுதப்பட்ட பகுதி ஒன்றுண்டு, அது இன்சுலின். குளிர்சாதனப் பெட்டி நின்றதும் இன்சுலின் கெடுகிறது, கிடைப்பதும் தீர்கிறது. மின்சாரம் என்பது வெறும் சௌகரியம் இல்லை, உடம்புக்குள் ஓடும் உயிர் என்று வாசகர் அங்கே உணர்கிறார். ஆனால் சாகிறவர்கள் யார் என்று பாருங்கள். முதல் நாவலில் லவீனியா என்ற மனைவி. இரண்டாவதில் ஜெனிஃபர் என்ற மகள். இருவரும் நோயில் கிடக்கிறார்கள், சாகிறார்கள், அந்தச் சாவு கதையின் ஆண்களை இறுக்கி உறுதியாக்குகிறது. ஊருக்கு நல்லவர் யார், வெளியாள் யார், ரொட்டி யாருக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் கூட்டங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த ரொட்டி எப்படிச் சுடப்பட்டது, துணி எங்கே துவைக்கப்பட்டது, மாதவிலக்குக்குப் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவ்வளவு இடம் இல்லை. ஆண்கள் கூடிப் பேசும் மேஜைக்கு உணவு வந்துசேர்ந்துவிடுகிறது.

'அலாஸ், பாபிலோன்' நாவலில் ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. கதாநாயகன் ராண்டியின் வீட்டைச் சுத்தம் செய்ய வருபவள் மிசூரி என்ற கறுப்பினப் பெண். மின்சாரம் போன பிறகு, பக்கத்தில் வாழும் அவள் குடும்பத்தின் கோவேறு கழுதையும் பன்றிகளும் நில அறிவும் வெள்ளையர் வீடுகளுக்குத் தேவைப்படுகின்றன. முன்பு பின்வாசல் வழியாக வந்தவர்கள் இப்போது அண்டை வீட்டார். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் எழுதியவருக்கு இது பெரிய அடிதான். என்றாலும் மிசூரி இந்தக் கதையைத் தன் வாயால் சொன்னால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் எனக்குப் போகவே இல்லை. மின்சாரம் இருந்தபோதும் அந்த வீட்டின் தரையைத் தேய்த்தது அவள் கைதானே. அவள் வாழ்க்கையில் எது முடிந்தது, எது தொடர்ந்தது?

காட்டுக்குள் இரு சகோதரிகள்

இதற்கு மாற்றாகப் பெண்கள் எழுதியவற்றில் எனக்கு நெருக்கமானது ஜீன் ஹெக்லண்டின் 'இன்டு தி ஃபாரஸ்ட்'. 1996இல் கேலிக்ஸ் என்ற சிறிய பெண்ணிய அச்சகம்தான் அதை முதலில் வெளியிட்டது. வட கலிஃபோர்னியாவில் காட்டோரம் ஒரு வீடு. நெல், ஈவா என்று இரு சகோதரிகள், பதினேழு பதினெட்டு வயது. அம்மா ஏற்கெனவே புற்றுநோயில் இறந்தவர். அப்பா மரம் அறுக்கும்போது இறக்கிறார். மின்சாரம் இங்கே ஒரே நொடியில் போவதில்லை. அவ்வப்போது போகிறது, அதிகம் போகிறது, பிறகு வரவே இல்லை. 2012ஐ அனுபவித்த எங்களுக்கு அது நன்றாகப் புரியும்.

இந்த நாவலில் மின்சாரம் என்றால் இருவருக்கும் இரண்டு ஏக்கம். ஈவா நடனக்காரி; அவளுக்கு இசை வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சம் பெட்ரோலை ஜெனரேட்டரில் ஊற்றி ஒருமுறை பாட்டுப் போட்டு ஆட வேண்டும் என்று கெஞ்சுகிறாள். நெல் ஹார்வர்டில் சேரப் படித்துக்கொண்டிருந்தவள். இனி அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்றே தெரியாமல் வீட்டிலிருக்கும் கலைக்களஞ்சியத்தை வரிசையாகப் படிக்கிறாள். அக்கா கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் அவள் எழுதிவருவதுதான் நாவல். பெண்ணுக்கு மின்சாரம் மாவரைக்க மட்டும் இல்லை, ஆடவும் படிக்கவும் என்று இந்த வகைக் கதையில் இவ்வளவு தெளிவாக எழுதியதை இதில்தான் கண்டேன். வகுப்பில் இந்த இடத்தைப் பேசும்போது மாணவிகள் முகம் மாறிவிடும். எல்லாருக்கும் ஒரு ராத்திரி இருக்கிறது.

நாவலில் ஈவாவை ஓர் அந்நியன் வன்கொடுமை செய்கிறான். அவள் கருவுறுகிறாள், பிள்ளையைப் பெறுகிறாள். மருத்துவமனை இல்லாத பிரசவத்தின் பயம் அழகாக்கப்படாமல் வருகிறது. கடைசியில் சகோதரிகள் வீட்டைத் தாங்களே எரித்துவிட்டு, மூன்று புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். நெல் தனக்கென்று எடுப்பது கலைக்களஞ்சியத்தின் சொல்லடைவு.

இந்த முடிவோடு எனக்குச் சண்டை உண்டு. கூரையும் கிணறும் இருக்கிற வீட்டை, கைக்குழந்தையோடு இருக்கும் இரு பெண்கள் ஏன் எரிக்க வேண்டும்? பெண் என்றால் இயற்கை, அவள் காட்டுக்குத் திரும்புவதே விடுதலை என்று ஒரு பழைய எண்ணம் இங்கே ஆசிரியரையும் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். அந்தக் காட்டில் எந்தச் செடியைத் தின்னலாம் என்பதை நெல் ஒரு புத்தகத்திலிருந்து கற்கிறாள். அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பூர்வகுடிப் பெண்கள் புத்தகத்தில் இருக்கிறார்களே தவிர, கதையில் ஆளாக வருவதில்லை.

ஏற்கெனவே முடிந்த உலகம்

அவர்கள் ஆளாக வருவது வாபிகெஷிக் ரைஸ் 2018இல் எழுதிய 'மூன் ஆஃப் தி க்ரஸ்டட் ஸ்னோ' நாவலில். கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் அனிஷினாபே மக்களின் சிற்றூர். குளிர்காலத் தொடக்கத்தில் தொலைபேசி போகிறது, தொலைக்காட்சி போகிறது, மின்சாரம் போகிறது. ஆசிரியரும் அதே மக்களில் ஒருவர்.

அங்கே ஐலீன் என்ற மூதாட்டி இருக்கிறார். உலகம் அழிகிறது என்று இளைஞர்கள் பேசிக்கொள்வதைக் கேட்ட அவர், அழிவு எங்களுக்குப் புதிதில்லை என்கிற பொருளில் பேசுகிறார். வெள்ளையர் வந்தபோது ஒருமுறை, காடுகளை வெட்டித் தள்ளியபோது ஒருமுறை, பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனபோது ஒருமுறை என்று அவர்கள் உலகம் பலமுறை முடிந்து, அவர்கள் ஒவ்வொரு முறையும் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஓரிடத்தில் இந்த வகை நாவலின் அடித்தளமே அசைந்துவிடுகிறது. மின்சாரம் போவது யாருக்கு முதல் பேரழிவு? ஏற்கெனவே எல்லாம் கிடைத்தவர்களுக்குத்தான்.

ஆனால் இங்கேயும் வேட்டைக்குப் போவதும் வெளியாளை எதிர்கொள்வதும் எவனும் அவன் நண்பர்களும். அவன் மனைவி நிக்கோலும் மற்றப் பெண்களும் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொள்கிறார்கள். மூதாட்டிக்கு மரியாதை இருக்கிறது. இளம் பெண்ணுக்குக் கதையில் அவ்வளவு வேலை இல்லை. எங்கள் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். ஆயாவின் கைமருந்தையும் பழைய சோற்றையும் எல்லாரும் கொண்டாடுவார்கள். அந்த அறிவைக் காப்பாற்றும் பொறுப்பை மட்டும் பேத்தியின் தலையில் வைப்பார்கள், பேரன் தலையில் வைப்பதில்லை.

கதையில்லாமல் நடந்தவை

தமிழர்கள் இந்தக் கதையை நாவலில் தேட வேண்டியதே இல்லை. 1990இல் போர் மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பல ஆண்டுகள் வரவில்லை. மண்ணெண்ணெயும் பேட்டரியும்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டுச் சிறு சுடராக எரியவிட்டார்கள். சைக்கிளை நிறுத்திவைத்து மிதியைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். அந்த ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இந்த இரண்டு இடத்திலும் மக்கள் ஒருவரை ஒருவர் தின்னவில்லை. அமெரிக்க நாவல்கள் முதல் வாரத்திலேயே எதிர்பார்க்கும் அந்தக் காட்டுமிராண்டித்தனம் நடக்கவில்லை. பயமும் சாவும் வந்தது குண்டிலிருந்தும் காற்றிலிருந்தும். அண்டை வீட்டிலிருந்து வந்தது அரிக்கேன் விளக்கும் அரைப்படி அரிசியும். அந்த உதவி எல்லாம் கைமாறியது பெரும்பாலும் அடுப்படி வழியாக. அதனாலேயே அது வீரமாகக் கணக்கில் சேரவில்லை.

மதராஸில் அச்சான கனவு

இந்த வரிசையைத் தலைகீழாக்கும் ஒரு கதை நம் பக்கத்திலேயே அச்சானது. வங்காளத்தின் ரொக்கையா சக்காவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் மதராஸிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. அந்த இதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன் என்ற பெண்.

ரொக்கையாவுக்குப் பெண் என்பதால் படிப்பு மறுக்கப்பட்டது. வீடு தூங்கிய பிறகு, அண்ணன் இப்ராகிம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அப்படிப் படித்தவர் கற்பனை செய்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. அங்கே பெண்களின் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று மேகத்திலிருந்து தண்ணீரை இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. வயலை மின்சாரம் உழுகிறது. ஒரு நாளின் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பார்ஜவெல் மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பெண்ணை வைத்தார். அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டு முன்பே ரொக்கையா பெண்ணின் முதுகிலிருந்து வேலையை எடுத்துச் சூரியனிடமும் மின்சாரத்திடமும் கொடுத்துவிட்டார். மெழுகுவத்தியில் படித்தவளுக்கு இருட்டின் மேல் எந்தக் காதலும் இல்லை. இந்தக் கதையிலும் குறை உண்டு. ஆண்களை அடைத்துவைப்பது விடுதலை ஆகாது என்று வகுப்பில் யாராவது சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். ஆனால் அது கேலிக்காகத் திருப்பிப் போட்ட கண்ணாடி என்பதையும் பார்க்க வேண்டும்.

தறிக்குழியும் அமுதசுரபியும்

இப்போது அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். நம் தறி கரண்டில் ஓடுவதில்லை. சரி, எதில் ஓடுகிறது? கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக வரும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா தள்ளிக்கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்தார், மகள் உட்கார்ந்தாள், ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் விடிகாலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஓடி ஓடிப் பிரிப்பதும் வீட்டு வேலையோடு வேலையாகப் போகும். புடவை முடிந்து கூலி வரும்போது ஒரு பெயருக்குத்தான் வரும். 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டின் கைத்தறித் தொழிலாளர் முப்பத்தைந்து லட்சம் பேர் என்றது. அவர்களில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் பெண்கள். நெசவாளி என்று சொன்னதும் நம் மனதில் வரும் உருவம் மட்டும் இன்னும் ஆண்தான்.

கைத்தறி மின்சாரம் இல்லாமலே பிழைக்கும் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. பட்டு நூலை எண்ணிப் பார்க்கத் தறிக்கு மேலே தொங்கும் பல்பை அவர்கள் பார்ப்பதில்லை. குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியைப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தினார்கள். தறிக்குக் கரண்டு வேண்டாம். நெய்கிறவர்களின் கண்ணுக்கு வேண்டும்.

இந்த ஊரின் பழைய கதை ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சத்தில் வாடிய காஞ்சி நகருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள் என்கிறது சாத்தனாரின் காப்பியம். ஒரு நகரமே பிழைக்கும் கதைதான் அது. அவள் ஊர் எல்லையில் தடுப்புப் போடவில்லை. நம்மவர் யார், அந்நியர் யார் என்று பிரிக்கவில்லை. பார்வையற்றவர், கேட்கும் திறனில்லாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்றவர் எல்லாரையும் முதலில் வரவழைக்கிறாள். இதற்கு முன் புகாரில் சிறைச்சாலையையே அறச்சாலை ஆக்கியவள் அவள். பிளாக் மவுண்டனின் சாலைத் தடுப்பையும் இந்தப் பொது அம்பலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, பஞ்சத்தில் மனிதர் ஓநாய் ஆவது விதி என்று யார் சொன்னது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனாலும் அமுதசுரபி ஓர் அற்புதப் பாத்திரம். அது தானே நிரம்பும். அடுப்பு மூட்டுவதும் அரிசி களைவதும் அங்கே யாருக்கும் வேலை இல்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு பாத்திரம் கிடையாது. அதைக் கையில் பிடித்திருக்கும் பெண்ணே பாத்திரமாகிவிடுகிறாள். மணிமேகலையின் திறந்த வாசலும் ரொக்கையாவின் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கும்படி ஒரு கதை வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

போன பருவத்தில் மாணவிகளிடம் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். நம் ஊரில் கரண்டு போய் முப்பது நாள் என்பது தலைப்பு. ஒருத்தி, தெருப் பெண்கள் கோயில் குளத்துப் படியில் கூடித் தண்ணீர் முறைக்குப் பட்டியல் போடுவதாக எழுதினாள். பட்டியலில் முதல் பத்துப் பெயரும் ஆண்கள். வகுப்பு கைதட்டியது. இன்னொருத்தி எழுதிய கதையில் கொள்ளையர் இல்லை, தீ இல்லை, யாரும் சாகவும் இல்லை. ஐந்தாம் நாள் கல்லூரியை மூடுகிறார்கள். பத்தாம் நாள் வீட்டில் தார் சுற்ற ஆள் வேண்டும் என்கிறார்கள். பன்னிரண்டாம் நாள் பெண் பார்க்க வருகிறார்கள். இருபதாம் நாள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவளுக்குக் கல்யாணம். கதை அதோடு முடிகிறது.

அவள் படித்து முடித்தபோது யாரும் பேசவில்லை. நான் இதுவரை படித்த எந்த நாவலிலும் உலகம் இவ்வளவு அமைதியாக முடிந்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்திதான் கேட்டாள், "முப்பது நாள்னுதானே தலைப்பு? மிச்சம் பத்து நாள் எங்கடி?"

அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவருகிறேன் என்றாள் அவள். இருபத்தோராம் நாளில் இருக்கிறாளாம்.